நடுவில் ஒரு வட்டம்

படிவம் நான்கில் உயிரியல் பாடம் தொடங்கிய முதல் வாரமே ஆசிரியர் எங்களை ஓர் உயிரணுவை வரையச் சொன்னார். வெளியே ஒரு பெரிய வட்டம், அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம். பெரியது சவ்வு, சின்னது உட்கரு. அந்தச் சின்ன வட்டம் சற்றே ஓரமாகப் போய்விட்டாலும் எனக்குப் பிடிக்காது. அழித்துவிட்டு மறுபடியும் வரைவேன். கவராயம் வைத்து, நடுப்புள்ளி பார்த்து நான் வரைந்த படத்தை ஆசிரியர் வகுப்பில் தூக்கிக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. எஸ்.பி.எம். தேர்விலும் அப்படித்தான் வரைந்தேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்க வந்த பிறகும் என் மனத்தில் இருந்த உயிரணு அதுதான். முட்டைக்குள் மஞ்சள் கரு மிதப்பதுபோல, உட்கரு தன் பாட்டுக்கு நடுவில் மிதந்துகொண்டிருக்கும்.

அது ஏன் நடுவில் இருக்கிறது, யார் அதை அங்கே வைத்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் என் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய இரண்டு கண்ணிமைகளும் எப்போதும் பாதி மூடியே இருக்கும். தோட்டத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'தூங்குமூஞ்சி'. வகுப்பில் தூங்குகிறான் என்று பள்ளியில் அவரை நாற்காலி மேல் ஏற்றி நிற்க வைத்தார்களாம். பதினெட்டு வயதில் செம்பனைக் குலை ஏற்றும் வேலைக்குப் போனார். மதியத்துக்குள் கால்கள் பின்னிக்கொள்ளும். மண்டோர் அவரைச் சோம்பேறி என்றார். மாலையில் கோயில் பக்கம் தள்ளாடியபடி நடந்து வந்தால், குடித்துவிட்டு வருகிறான் என்றார்கள். மாமா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் இதைச் சொல்லியே மறுத்துவிட்டார்கள் என்று பாட்டி சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதார். மாமாவுக்குத் திருமணம் ஆனபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

2014-ஆம் ஆண்டு, 46 வயதில், மாமாவால் லயத்து வீட்டின் நான்கு படிகளைக் கைப்பிடி இல்லாமல் ஏற முடியாமல் போனது. அத்தையின் நச்சரிப்பு தாங்காமல் மருத்துவமனைக்குப் போனார். அங்கே தொடையிலிருந்து ஒரு சிறு துண்டு தசையை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும், நரம்பியல் நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கடிதமும் நாளும் குறித்துக் கொடுத்து, அறிக்கையையும் மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நான் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி. தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்.

"நீதான் இதையெல்லாம் படிக்கிறியே, என்னம்மா எழுதியிருக்கான், பாரு" என்று மாமா தாளை நீட்டினார்.

வீடே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா, அத்தை, அத்தையின் மடியில் சாய்ந்திருந்த மகள், எல்லாரும். நான் படித்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத சொற்கள். சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏதோ இழைகள் தெரிவதாக ஒரு வரி இருந்தது. அது எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு முழுதாகப் புரிந்தது ஒரே ஒரு வரிதான். பெரும்பாலான தசைநார்களில் உட்கரு நடுவில் காணப்படுகிறது என்று எழுதியிருந்தது.

"உட்கரு நடுவுல இருக்குன்னு போட்டிருக்கு மாமா. அது நடுவுலதான் இருக்கணும். நல்லதுதான்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளாக வரைந்து மதிப்பெண் வாங்கிய படத்தைத்தான் சொன்னேன். மாமாவின் முகம் தெளிந்தது. அத்தை எனக்கு இன்னும் இரண்டு முறுக்கு எடுத்து வைத்தார். பெரிய மருத்துவமனைக்குக் குறித்த நாள் வந்தது, போனது. மாமா போகவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளையே பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சே, எதுக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு ஈப்போவுக்கு ஓடணும்?" என்று சொல்லிவிட்டாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த ஆண்டு மே மாதம், திசுவியல் விரிவுரை. திரையில் ஓர் ஆரோக்கியமான எலும்புத் தசையின் குறுக்குவெட்டுப் படம் விழுந்தது. இளஞ்சிவப்பில் நெருக்கமாக அடுக்கிய பலகோண வடிவங்கள். ஒவ்வொன்றும் ஒரு தசைநார். ஊதா நிறப் புள்ளிகள் உட்கருக்கள். எல்லாப் புள்ளிகளும் ஓரத்தில், சவ்வை ஒட்டி இருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை. விரிவுரையாளர் போகிற போக்கில் சொன்னார்: "வளர்ந்த மனிதரின் நல்ல தசையில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவான நார்களில்தான் உட்கரு உள்ளே இருக்கும். பெரும்பாலானவற்றில் நடுவில் தெரிந்தால், அந்தத் தசைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

அன்றே தொலைபேசியில் மாமாவை அழைத்திருக்க வேண்டும். நான் அழைக்கவில்லை. 'தேர்வு முடிந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம், தொலைபேசியில் சொன்னால் பயந்துவிடுவார்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது நான்தான். மூன்று வாரம் கழித்து அம்மா அழைத்தார். குலை ஏற்றும் லாரியிலிருந்து இறங்கும்போது மாமாவுக்குக் கால் மடங்கிவிட்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

இந்த மலரில் என்னைப் போன்றவர்கள் பொதுவாக வெற்றிக் கதைகளைத்தான் எழுதுவோம். நான் எழுதுவது அந்த மூன்று வாரத்தைப் பற்றி. அதற்குப் பிறகு நான் படித்த எல்லாமும் அந்த மூன்று வாரத்திலிருந்து தொடங்கியதுதான்.

ஓர் உயிரணுவில் உட்கருவை அதனதன் இடத்தில் வைப்பது எது? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். முதலில் தெரிந்துகொண்டது, நடு என்பது பல இடங்களில் ஒன்றுதான் என்பது. குடலின் உட்சுவர் உயிரணுக்களில் உட்கரு அடிப்பக்கத்தில் இருக்கும். கொழுப்பு உயிரணுவில் கொழுப்புத் துளியால் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். நீண்ட தசைநார் ஒன்றில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் உண்டு. அவை ஓரமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அமைந்திருக்கும். எங்கே இருந்தாலும் அது தானாக அங்கே இருப்பதில்லை. ஏதோ ஒன்று அதைக் கொண்டுபோய் வைக்கிறது. வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது.

அந்த வேலையில் பெரும்பங்கு மோட்டார் புரதங்களுடையது. இயக்குப் புரதங்கள் என்றும் சொல்லலாம். உயிரணுவுக்குள் நுண்குழல்கள் என்ற பாதைகள் ஓடுகின்றன. ஒரு குழலின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர்தான். அவற்றின் மேல் இந்தப் புரதங்கள் நடக்கின்றன. நடக்கின்றன என்று நான் அழகுக்காகச் சொல்லவில்லை. கைனசின் என்ற புரதத்துக்குப் பாதம்போல இரண்டு முனைகள் உண்டு. ஒன்று பாதையைப் பற்றியிருக்க மற்றொன்று முன்னால் போகும். ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர். ஒவ்வோர் அடிக்கும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகும். ஓர் உட்கருவின் குறுக்களவு ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த அகலத்தைக் கடக்கவே கைனசின் 1,250 அடி வைக்க வேண்டும்.

கைனசினை 1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடல்சார் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தார்கள். அதற்கு உதவியது கணவாயின் தடித்த நரம்பு. நம் வீட்டில் சம்பாலாகும் கணவாய் அறிவியலுக்கு இத்தனை உதவி செய்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்! டைனீன் என்ற மற்றொரு மோட்டார் புரதம் அதற்கு மூத்தது. ஒற்றை உயிரணு உயிரி ஒன்றின் குற்றிழைகளில் அதைக் கண்டறிந்து, 1965-இல் பெயர் சூட்டியவர் இயன் கிப்பன்ஸ். உயிரணுக்களின் உள்ளேயும் ஒருவகை டைனீன் சுமை தூக்குகிறது என்பது 1987-இல் தெளிவானது. கைனசின்களில் பெரும்பாலானவை குழலின் ஒரு முனையை நோக்கி நடக்கும். டைனீன் அதற்கு எதிர்முனையை நோக்கி நடக்கும்.

சரி, இந்த மோட்டார்கள் உட்கருவை எப்படிப் பிடிக்கின்றன? உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு இருக்கிறது. உள்சவ்வில் 'சன்' வகைப் புரதங்களும் வெளிச்சவ்வில் 'காஷ்' வகைப் புரதங்களும் உள்ளன. இரண்டும் நடுவில் கைகோத்துக்கொள்கின்றன. உள்முனை உட்கருவின் உட்சட்டத்தோடும், வெளிமுனை மோட்டார்களோடும் இழைகளோடும் இணைந்திருக்கும். 2006-இல் இதற்கு 'லிங்க் தொகுதி' என்று பெயர் வைத்தார்கள். தேர் அச்சில் வடம் கட்டுகிற வளையம் இருக்குமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அறிவு முதலில் மனிதரிடமிருந்து வரவில்லை. பூஞ்சையிலிருந்தும் புழுவிலிருந்தும் வந்தது. 1970-களில் ரான் மாரிஸ் என்பவர் அஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையை ஆராய்ந்தார். அதன் நீண்ட இழைக்குள் உட்கருக்கள் சீரான இடைவெளியில் பரவியிருக்கும். சில பிறழ்வுகளில் மட்டும் எல்லா உட்கருக்களும் ஒரே பக்கம் கும்பலாக நின்றுவிடும். பின்னாளில் பார்த்தால், அவற்றில் ஒன்றில் கெட்டுப்போயிருந்தது டைனீனின் மரபணு. இன்னொன்றில் கெட்டிருந்த மரபணு, மனிதரின் 'லிஸ்1' மரபணுவுக்கு உறவு என்று 1995-இல் தெரியவந்தது. லிஸ்1 பழுதானால் குழந்தையின் மூளை மடிப்புகள் இல்லாமல் வழவழப்பாக அமைந்துவிடும். வளரும் மூளையில் நரம்பணுக்கள் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு நகர வேண்டும். நகரும்போது உட்கருவை முன்னே இழுப்பதில் டைனீனுக்குப் பங்கு உண்டு. லிஸ்1 அந்த டைனீனுக்குத் துணை நிற்கும் புரதம். ரொட்டியில் பூக்கும் பூஞ்சையின் தூரத்து உறவு ஒன்றில் தொடங்கிய ஆராய்ச்சி, பச்சைக் குழந்தையின் மூளையில் போய் நின்றது.

இனித் தசைக்கு வருகிறேன். கருவில் தசை உருவாகும்போது சிறு சிறு உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு நீண்ட குழாயாகின்றன. அப்போது உட்கருக்கள் நடுவில்தான் இருக்கும். பிறகு அவை குழாயின் நீளவாக்கில் பரவுகின்றன. இந்தப் பரவலுக்குக் கைஃப்5பி என்ற கைனசினும், அதற்குத் துணையாக மேப்7 என்ற புரதமும் தேவை என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேப்7-க்கு இணையான புரதம் இல்லாத பழ ஈயின் புழுக்களில் உட்கருக்கள் சரியாகப் பரவவில்லை. அந்தப் புழுக்கள் மற்றவற்றைவிட மெதுவாகவே ஊர்ந்தன. கடைசியில் உட்கருக்கள் ஓரத்துக்குப் போகின்றன. அங்கே நடப்பது இழுப்பு அல்ல, பிதுக்கல் என்று 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. வளரும் தசையிழைகள் டெஸ்மின் என்ற புரதத்தால் கட்டுண்டு, சுருங்கிச் சுருங்கி உட்கருவை நடுவிலிருந்து வெளியே தள்ளுகின்றன. அந்தச் சுருக்கத்தைத் தருகிற மயோசினும் ஒரு மோட்டார் புரதம்தான்.

மாமாவின் நோய்க்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1966-இல் ஸ்பைரோ, ஷை, கொனாட்டாஸ் என்ற மருத்துவர்கள் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் தசையை ஆராய்ந்தார்கள். உட்கருக்கள் நடுவில் வரிசையாக நின்றன. பார்ப்பதற்குக் கருவில் இருக்கும் சிசுவின் தசைபோல இருந்தது. அன்று பதிவான அந்த நோய்க் குடும்பத்துக்கு இன்று 'மைய உட்கருத் தசைநோய்' என்று பெயர் சொல்லலாம். அதில் ஒருவகைக்கு டைனமின்2 என்ற புரதத்தின் மரபணுப் பிறழ்வு காரணம் என்று 2005-இல் கண்டறிந்தார்கள். டைனமின் சவ்வை நறுக்கிப் பிரிக்கும் புரதம். 1989-இல் முதலில் கண்டபோது அதையும் நுண்குழலோடு தொடர்புடைய மோட்டார் என்றே நினைத்தார்களாம். இந்த நோயில் இமை தொங்கும், கால் தளரும், தசை பிடித்துக்கொள்ளும். பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்லக் கூடும். பலவீனத்துக்கு உட்கருவின் இடம் மட்டுமே காரணமல்ல. 'சுருங்கு' என்ற கட்டளையைத் தசைக்குள் கொண்டுசெல்லும் சவ்வு அமைப்பும் கலைந்துபோகிறது. நடுவில் நிற்கும் உட்கரு, அந்தக் கோளாற்றை நம் கண்ணுக்குக் காட்டும் சாட்சி.

வகுப்பில் தூங்கியதற்கும், மண்டோர் திட்டியதற்கும், கோயில் பக்கம் தள்ளாடியதற்கும் இதுதான் விளக்கம்.

என் இறுதியாண்டு ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுத்தது வேறு எதுவாக இருக்க முடியும்? சுண்டெலித் தசையிலிருந்து 1977-இல் பெறப்பட்ட சி2சி12 என்ற உயிரணு வகை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. அதைத் தட்டில் வளர்த்து, ஊட்டத்தைக் குறைத்தால், சில நாட்களில் உயிரணுக்கள் இணைந்து தசைக்குழாய்களாகும். உட்கருக்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக இரவு முழுவதும் எடுத்தேன். மறுநாள் காலை அவற்றை ஓட்டிப் பார்த்தபோது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். உட்கருக்கள் நகர்ந்தன. நகர்ந்தது மட்டுமல்ல, உருண்டன! ஒன்று முன்னே போய், சற்றுப் பின்வாங்கி, புரண்டு, மறுபடியும் முன்னே போனது. நான் கவராயம் வைத்து அசையாமல் நிறுத்தி வைத்திருந்த வட்டம் அது.

நுண்குழல்களைக் கரைக்கும் மருந்தை ஊற்றினேன். எல்லாம் நின்றுவிட்டன. மருந்தைக் கழுவியபின் மெல்ல மறுபடியும் புறப்பட்டன. இதை மற்றவர்கள் முன்பே செய்து எழுதியிருக்கிறார்கள். நான் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்தேன்.

இனி மாமாவிடம் சொல்ல வேண்டும். மணிக்கட்டு முறிந்த பிறகு அவர் பெரிய மருத்துவமனைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார். 2016-இல் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. டைனமின்2. அந்த வாரம் பேருந்தேறி ஊருக்குப் போனேன். வழியெல்லாம் சொற்களைத் தேடினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் அறிவியலைத் தமிழில் படித்தவள் நான். இடைநிலைப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலத்தில் படித்தேன். தேர்வில் நான்கு பக்கம் எழுதுவேன். என் தாய்மாமனுக்குத் தமிழில் நான்கு வரி சொல்ல வரவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நான் சொன்னது தவறு என்றும், தெரிந்தபிறகும் மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அது கெடக்கட்டும். இப்பவாச்சும் எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றார்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தேரை வைத்துத்தான் தொடங்கினேன். உட்கரு என்பது தேர், நுண்குழல் என்பது பாதை, கைனசின் என்பது முன்னால் வடம் பிடிக்கிறவர்கள் என்றேன். "ஆனா மாமா, எதிர்ப்பக்கம் இழுக்கிறவங்களும் இருக்காங்க. அவங்க பேரு டைனீன்" என்றேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்கயிறு" என்றார்.

எங்கள் கோயிலிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும் பாதை சரிவானது. தேருக்குப் பின்னாலும் ஒரு கயிறு கட்டி, பத்துப் பேர் பிடித்துக்கொண்டு போவார்கள். முன்வடம் பிடிக்கத்தான் இளைஞர்களுக்குள் போட்டி. வேகமாக நடக்க முடியாத மாமாவை ஒவ்வோர் ஆண்டும் பின்கயிற்றுக்குத்தான் அனுப்புவார்கள். அதுவும் ஒரு கேலிதான்.

"பின்கயிறு இல்லாட்டி தேரு நேரா ஆத்துலதான் போய் நிக்கும்" என்றார் மாமா. "அது மட்டுமா? சக்கரம் பள்ளத்துல மாட்டிக்கிட்டா முன்னால எவ்வளவு இழுத்தாலும் வராது. அவங்களைத் தளர்த்தச் சொல்லிட்டு, நாங்க பின்னால ஒரு சாண் இழுப்போம். பொறகுதான் தேரு நகரும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் தோல் உயிரணுக்களில் 2010-இல் கண்டது இதேதான். அங்கே உட்கருவை முன்னே கொண்டுபோவது கைனசின். வழியில் தடை வந்தால் டைனீன் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உருட்டி, தடையைத் தாண்ட உதவுகிறது. அந்தக் கட்டுரையை நான் மூன்று முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன். மாமா பின்கயிற்றைப் பிடித்தே புரிந்துவைத்திருந்தார்.

பிறகு அவருடைய தசையைப் பற்றிச் சொன்னேன். "உங்க தசையில தேரு போய்ச் சேரவேண்டிய எடத்துக்குப் போகல மாமா. பாதி வழியில நிக்குது. அதை உண்டாக்குற கோளாறு பிறப்பிலேயே இருக்கு. நீங்க சோம்பேறி இல்ல. ஒருநாளும் இல்ல."

மாமா முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைக் கேக்க எங்கம்மா இல்லையே" என்றார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். "பாப்பாவுக்கும் வருமா?" இந்த முறை நான் ஆறுதலைத் தேடவில்லை. இந்தப் பிறழ்வு பிள்ளைக்கு இறங்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றும், அவள் வளர்ந்ததும் விருப்பப்பட்டால் பரிசோதித்துக்கொள்ளலாம் என்றும், அது அவளுடைய முடிவு என்றும் சொன்னேன். எனக்குத் தெரியாத இரண்டு கேள்விகளுக்கு, "தெரியாது மாமா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். மறுவாரம் மரபியல் ஆலோசகரிடம் கேட்டுச் சொன்னேன். அவள் பிறகு என்ன முடிவெடுத்தாள் என்பது அவளுடைய கதை. நான் எழுதுவது முறையல்ல.

மாமாவின் நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் உடற்பயிற்சி நிபுணர் சொல்லித் தந்த பயிற்சி இருக்கிறது. கால்களுக்குத் தாங்கி இருக்கிறது. மூச்சுத் தசைகள் எப்படி இருக்கின்றன என்று முறையாகச் சோதிக்கிறார்கள். குலை ஏற்றும் வேலையை விட்டுவிட்டார். வெளியே போகச் சக்கர நாற்காலி. இமைகள் இப்போதும் பாதி மூடித்தான் இருக்கும். யாராவது புதியவர்கள் 'தூக்கமா?' என்று கேட்டால், "இல்ல, டைனமின்2" என்பார். கேட்டவர் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

இந்த மலரைப் புரட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்த நாளிலிருந்து நம் வீட்டாரின் கண்ணுக்கு நாம் எல்லாம் தெரிந்தவர்கள். மருத்துவ அறிக்கை, கடன் பத்திரம், நீதிமன்றக் கடிதம், எதுவானாலும் நம் கையில்தான் வரும். நாம் படித்தது என்னவோ ஒரு படத்தின் ஒரு வட்டமாக இருக்கும். 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்வதில் இழிவு இல்லை. கேட்டு வந்ததை அவர்களுடைய மொழியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். சொல்லத் தொடங்கினால், அவர்களும் நமக்குச் சொல்வார்கள்.

நான் இப்போது முதலாண்டு மாணவர்களின் ஆய்வுக்கூட வகுப்பில் துணை நிற்கிறேன். உயிரணு வரையச் சொன்னதும் எல்லாரும் பெரிய வட்டம் போட்டு, உடனே நடுவில் பென்சிலை வைக்கிறார்கள். அந்த இடத்தில் நான் ஒரு நொடி நிறுத்தச் சொல்வேன். "இது எந்த உறுப்பின் உயிரணு?" என்று கேட்பேன்.